மூணாவது ஆணியில் பஞ்சநாதன்

பஞ்சநாதன்: ...ஸ்டூலு மேலதானே நிக்கிற, அப்படியே அதைக் கழட்டிக் கீழ இறக்கு.

செல்வி: எதுங்கண்ணே? இங்க மாட்டி வச்சிருக்கறது எல்லாம் கஸ்டமருங்க படம். விக்கிறதுக்கு இல்ல.

பஞ்சநாதன்: நான் வெலைக்குக் கேக்கல. மூணாவது ஆணி. வேளாங்கண்ணி மாதாவுக்கும் அந்தக் கல்யாண ஜோடிக்கும் நடுவுல. சந்தன மாலை போட்டு, பொட்டு வச்சு, செகப்பு லைட்டு எரிய ஒருத்தன் முறைச்சுக்கிட்டு இருக்கான் பாரு.

செல்வி: அதுவா... அது ஒரு அம்மா பிரேம் போடக் குடுத்தது. வேற ஆளுகிட்டக் குடுக்க மாட்டேங்க. பிரேம் கடையில படத்தை ஆளு மாத்திக் குடுத்தா, மறுநாளு கடையைத் தொறக்க முடியாது.

பஞ்சநாதன்: ஏம்மா, அந்தப் படத்தைப் பாரு. பாத்தியா? இப்ப என்னைப் பாரு. நல்லா பாரு. மீசை நரைச்சதுதான் வித்தியாசம்.

செல்வி: ...இறந்தவரு உங்க அண்ணனுங்களா? தம்பியா?

பஞ்சநாதன்: நாந்தாம்மா அது. பஞ்சநாதன். உப்பளத்துல பாத்தி மிதிக்கிற பஞ்சநாதன்.

செல்வி: மாதாவே... உக்காருங்கண்ணே. மொதல்ல உக்காருங்க.

பஞ்சநாதன்: செத்தவன் எங்கனா உக்காருவானா?

செல்வி: செத்தவரு இவ்வளவு சத்தமும் போட மாட்டாரு. மெதுவா பேசுங்கண்ணே.

பஞ்சநாதன்: எதுக்கு மெதுவா பேசணும்? கேக்கட்டும். எல்லாரும் கேக்கட்டும். எங்கூட அசோகன்னு ஒருத்தன் வேலை செய்யறான். சைக்கிள்ல இந்தப் பக்கம் வந்தவன், ரோட்டைப் பாத்துத் தொங்கற எம்மூஞ்சியைப் பாத்திருக்கான். அங்கயே கண்ணு கலங்கி, பூக்காரம்மாகிட்ட ஒரு மாலை வாங்கிக்கிட்டு, கூட வேலை செய்யறவங்ககிட்ட சேதி சொல்லலாம்னு அளத்துக்கு வர்றான். நான் அங்க மழைக்கு முன்னாடி உப்புக் குவியலுக்குக் கீத்து மூடிக்கிட்டு இருக்கேன். குவியல் உச்சியில. வெள்ளை பனியன் போட்டுக்கிட்டு.

செல்வி: ஐயையோ...

பஞ்சநாதன்: "அசோகா, அந்தக் கீத்தை எடுத்துக் குடுடா"ன்னேன். மாலையைப் போட்டான் கீழ, ஓடினான் பாரு. வரப்பும் பாக்கல, வாய்க்காலும் பாக்கல. செருப்பு ஒண்ணு இன்னும் சேத்துலதான் இருக்குது.

செல்வி: ...மன்னிச்சுக்கங்கண்ணே. சிரிக்கக் கூடாதுதான்.

பஞ்சநாதன்: சிரிம்மா. எனக்கே சிரிப்பு வந்துச்சு. அப்புறம் பொழுது சாஞ்சு, தனியா கொட்டாய்ல படுத்துக் கெடந்தப்பதான் சிரிப்பு வரல. என்னாத்துக்கும்மா எனக்கு மாலை போட்ட?

செல்வி: எங்க கடையில ஒரு வழக்கம். சாமி படம்னா தங்கக் கலர் பிரேம். ஜோடி படம்னா பூ போட்ட பிரேம். தனி ஆளு படத்தை ஒரு பொம்பளை முந்தானையில சுத்திக் கொண்டாந்து, கண்ணைத் தொடைச்சுக்கிட்டே நின்னாங்கன்னா... கருப்பு பிரேம், பொட்டு, மாலை, லைட்டு. நான் எதுவும் கேக்கறதில்ல.

பஞ்சநாதன்: ஆளு இருக்கானா இல்லையான்னு ஒரு வார்த்தை கேட்டா வாய் வலிக்குமா?

செல்வி: கேட்டிருக்கேன். ஒரே ஒரு தடவை.

பஞ்சநாதன்: கேட்டு?

செல்வி: சுனாமி அலை வந்துச்சே போன மார்கழியில, அதுக்கு அடுத்த மாசம். நான் கடையில உக்கார ஆரம்பிச்ச புதுசு. குப்பத்துல இருந்து ஒரு அம்மா பையன் படம் எடுத்துக்கிட்டு வந்தாங்க. ஸ்கூல்ல எடுத்த படம். தண்ணியில ஊறி ஓரமெல்லாம் வெளுத்துப் போயிருந்துச்சு. மாலை போடறதா வேணாமான்னு எனக்குத் தெரியணும் இல்ல? "பையன் இருக்கானாம்மா"ன்னு கேட்டுட்டேன். அந்தம்மா என்னையே பாத்துக்கிட்டு நின்னாங்க. "அதைத்தான் கண்ணு நானும் ஊரெல்லாம் கேட்டுக்கிட்டு அலையறேன், உனக்குத் தெரிஞ்சா சொல்லேன்"னாங்க. அன்னையோட சரி. இந்த வருஷம் பூரா வந்த படமெல்லாம் அந்த மாதிரிதாண்ணே. அழுதுக்கிட்டு யாருனா வந்தா, எங்கையி தானா மாலையை எடுக்குது.

பஞ்சநாதன்: அந்தப் பையனுக்கு மாலை போட்டியா?

செல்வி: போடல. நல்ல பிரேமா பாத்துப் போட்டு, மாலை இல்லாமதான் குடுத்தேன்.

பஞ்சநாதன்: ம்... நல்ல காரியம் பண்ண.

செல்வி: எல்லாம் அழுகைக் கேஸுன்னு நெனைச்சுடாதீங்க. ஒருத்தரு காலண்டர் முருகனைக் கொண்டாந்து, கீழ இருக்கற நகைக்கடை பேரு தெரியாத மாதிரி பிரேம் போடுன்னாரு. முருகன் காலு அந்தப் பேரு மேலதான் இருக்குது, காலை வெட்டவான்னேன். கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. மாமியார் படம் கொண்டார்ற மருமகளுங்க இருக்காங்களே, எல்லாருக்கும் பெரிய லைட்டுதான் வேணும். உயிரோட இருந்தப்ப அந்தக் கெழவி ரூமுல ஒரு பல்பு போட்டிருக்க மாட்டாங்க.

பஞ்சநாதன்: பேச்சை மாத்தாத. என் படத்தைக் கொண்டாந்தது யாரு?

செல்வி: கஸ்டமர் விஷயம் வெளிய சொல்றதில்லண்ணே.

பஞ்சநாதன்: குள்ளமா இருப்பாளே. பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டா. நடுவுல நடுவுல மூக்குத்தியத் தொட்டுப் பாத்துக்குவா, யாரோ கழட்டிக்கிட்டுப் போயிட்ட மாதிரி.

செல்வி: ...அவங்கதான்.

பஞ்சநாதன்: சாலம்மா. எம் பொண்டாட்டி.

செல்வி: ஒரே வீட்ல இருந்துக்கிட்டு உங்க படம் இங்க வந்தது உங்களுக்குத் தெரியாதா?

பஞ்சநாதன்: ஒரே வீட்ல எங்க இருக்கேன்? எட்டு மாசமா அளத்து மோட்டார் கொட்டாய்லதான் படுக்கறேன்.

செல்வி: எட்டு மாசமாவா? அப்படி என்னாண்ணே ஆச்சு?

பஞ்சநாதன்: பத்திரிகையில எம்பேரு போடல.

செல்வி: என்னா பத்திரிகை?

பஞ்சநாதன்: கல்யாணப் பத்திரிகைம்மா. அவ அண்ணன் பலராமன் வானூர்ல இருக்கான். அவன் பொண்ணு கல்யாணம். தங்கள் நல்வரவை விரும்பும்னு போட்டுக் கீழ மாமன், மச்சான், சித்தப்பன், பெரியப்பன்... கடைசியில அவனுக்குப் பால் ஊத்தறவன் பேரு கூட இருக்குது. அந்த வீட்டுக்கு மாப்பிள்ளை நான். எம்பேரு இல்ல. கேட்டா, பிரஸ்காரன் விட்டுட்டான்றான். பிரஸ்காரனுக்குப் பால்காரனைத் தெரியுது, என்னைத் தெரியலையா?

செல்வி: அது தப்புதான்.

பஞ்சநாதன்: தப்புதானே? அந்தக் கல்யாணத்துக்குப் போகாதன்னேன். நலங்கு வைக்க அத்தை இல்லாம எப்படின்னு போயிட்டா. அவ திரும்பி வரும்போது நான் பாயையும் தலகாணியையும் சுருட்டி வச்சிருந்தேன். "நீயா வந்து கூப்புடற வரைக்கும் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்"னேன். "நீயா வர்ற வரைக்கும் நான் கூப்புட மாட்டேன்"னுட்டா.

செல்வி: நல்லா இருக்குது போங்க. ஒருத்தரு கூப்பிட்டாதான் வருவாராம். ஒருத்தரு வந்தாதான் கூப்புடுவாங்களாம்.

பஞ்சநாதன்: நீ சிரிக்கிற. ஐப்பசி பொறந்துடுச்சு. அளத்து வேலை முடிஞ்சு போச்சு. ஒரு நல்ல மழை பேஞ்சா கொட்டாய்க்குள்ள முழங்கால் தண்ணி நிக்கும். ஓனரு சாவியைக் கேட்டுட்டாரு. காலையில மொத பஸ்ஸைப் புடிச்சுப் பெருமுக்கல் போறேன். எங்க அக்கா வீடு அங்க இருக்குது.

செல்வி: எப்ப திரும்பி வருவீங்க?

பஞ்சநாதன்: அளத்துல வேலை தொடங்கினா வரணும். ஆனா மச்சான் அங்கயே செங்கல் சூளையில வேலை இருக்குதுன்றாரு. ஒரு தடவை போய் உக்காந்துட்டேன்னா அவ்வளவுதான்மா. அறுபதை நெருங்கறேன். இனிமே எங்க வேர் புடிக்குதோ அங்கதான்.

செல்வி: அந்தம்மா கூப்பிட்டா?

பஞ்சநாதன்: கூப்புடலயே. படத்துக்கு மாலை போட்டாச்சு. இனிமே யாரைக் கூப்புடறது?

செல்வி: அண்ணே, மாலை நான் போட்டது. அவங்க கேக்கவே இல்ல. அவங்க என்னா கேட்டாங்கன்னு சொல்றேன், கேளுங்க. படத்தைக் கையில வச்சுக்கிட்டு, "முறைச்சுக்கிட்டே இருக்காரு, கொஞ்சம் சிரிக்கிற மாதிரி பண்ண முடியுமா கண்ணு"ன்னாங்க. அதெல்லாம் ஸ்டுடியோவுலதாம்மா கேக்கணும்னேன். அப்புறம் அவங்களே, "வேணாம், இருந்துட்டுப் போவுது. சிரிச்சா யாருன்னு தெரியாது"ன்னாங்க.

பஞ்சநாதன்: ...அவ அப்படித்தான் பேசுவா.

செல்வி: எங்க மாட்டப் போறீங்கன்னு கேட்டேன். அதுக்கு ஏத்த மாதிரிதான் கொக்கி வைக்கணும். அடுப்படியிலன்னாங்க. எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும். செத்தவங்க படத்தை யாருனா அடுப்படியில மாட்டுவாங்களா?

பஞ்சநாதன்: அடுப்படியிலயா?

செல்வி: "அங்க உக்காந்துதான் சாப்புடுவாரு. கொழம்புல புளி ஜாஸ்தி, காரம் கம்மின்னு ஏதாவது சொல்லிக்கிட்டே இருப்பாரு. இப்ப கொறை சொல்ல ஆளில்லாம எனக்கு ஒரு வாய் எறங்க மாட்டேங்குது"ன்னு சொல்லிட்டு அழுதாங்க. இறந்தவரைப் பத்தி சொல்றாங்கன்னு நெனைச்சு நானும் அழுதேன். என்னாண்ணே, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டீங்க?

பஞ்சநாதன்: ஒண்ணுமில்ல. நான் கொட்டாய்ல கஞ்சி வைக்கிறேன். ஒரு நாளு உப்பு கரிக்குது, ஒரு நாளு சப்புன்னு இருக்குது. கண்ணுக்கு எட்டின தூரம் உப்பாதான் கெடக்குது. ஒரு சட்டிக்கு எவ்வளவு போடறதுன்னு எனக்குத் தெரியல. முப்பது வருஷம் அவ கையால தின்னேன். நல்லா இருக்குதுன்னு ஒரு நாளும் சொன்னதில்ல.

செல்வி: இதை அவங்ககிட்டச் சொல்லலாம் இல்ல?

பஞ்சநாதன்: அவகிட்டச் சொல்ல மாட்டேன். உங்கிட்டச் சொல்றேன்.

செல்வி: எங்கிட்டச் சொல்லி என்னா ஆவப்போவுது?

பஞ்சநாதன்: கேட்டுக்கயேன். கடைக்காரி கஸ்டமரு சொல்றதைக் கேக்கணும் இல்ல? அவ அண்ணன் மேல கோவம். அவனை எதுவும் கேக்க முடியல. அவ மேல காட்டிட்டேன். பொறந்த வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருத்தி போறதுக்கு, எம்பேரு என்னாத்துக்கும்மா பத்திரிகையில இருக்கணும்? அவ போனது சரிதான். நான் பாயைச் சுருட்டினதுதான் தப்பு. சத்தமா வேணும்னாலும் சொல்றேன். தப்பு என்னுதுதான்.

சாலம்மாள்: இதைச் சொல்றதுக்கு எட்டு மாசம்.

செல்வி: அம்மா, நீங்க உள்ளயே இருங்கன்னு சொன்னேன் இல்ல... தலை சுத்துதுன்னீங்களே.

சாலம்மாள்: அதெல்லாம் நின்னு போச்சு கண்ணு.

பஞ்சநாதன்: ...நீ எங்க இங்க?

சாலம்மாள்: படத்தை வாங்கிக்கிட்டுப் போலாம்னு வந்தேன்யா. வாசல்ல நிமுந்து பாக்கறேன், மாலை தொங்குது. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. எனக்கு ஒரு வார்த்தை சொல்லாம உன்னை எடுத்துட்டாங்களோ, எங்கிட்ட யாரும் சொல்ல வேணாம்னு நீதான் சொல்லிட்டுப் போனியோன்னு... இந்தப் பொண்ணுதான் கைத்தாங்கலாக் கூட்டிக்கிட்டுப் போயி, கண்ணாடி அடுக்கி வச்சிருக்கற ரூமுல உக்கார வச்சுத் தண்ணி குடுத்துது. மாலை அதுவாப் போட்டதுன்னு தெரிஞ்சு, ஆளு நல்லாத்தான் இருக்காரும்மான்னு நான் சொன்ன பொறவுதான் அதுக்கும் உயிரு வந்துச்சு.

செல்வி: கழட்டலாம்னு ஸ்டூலைப் போட்டு ஏறினேன், நீங்க வந்து நின்னீங்க. படியேறும்போதே ஆளு யாருன்னு தெரிஞ்சு போச்சுண்ணே. நீங்க பேசறதை அம்மா கேக்கட்டும்னுதான் தெரியாத மாதிரி நின்னேன். கோவிச்சுக்காதீங்க.

பஞ்சநாதன்: நல்ல கடை வச்சிருக்கம்மா.

சாலம்மாள்: அந்தப் பொண்ணை எதுவும் சொல்லாத. என்னைக் கேளு. அன்னைக்குக் கல்யாணத்துல நான் என்னா பண்ணேன்னு கேட்டியா நீ?

பஞ்சநாதன்: நலங்கு வச்ச. பந்தியில உக்காந்து சாப்புட்ட.

சாலம்மாள்: நலங்கு வச்சேன். பந்திக்குக் கூப்புட்டாங்க. எம்புருசன் பேரு போடாத வீட்ல நான் கை நனைக்க மாட்டேன்னு எங்கண்ணன் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு, பச்சைத் தண்ணி குடிக்காம பஸ் ஏறினேன். வீட்டுக்குப் போயி ஏதாவது கிண்டி, ரெண்டு பேரும் சாப்புடலாம்னு வந்தா... நீ பாயைக் கக்கத்துல வச்சுக்கிட்டு நிக்கிற.

பஞ்சநாதன்: ...இதை ஏன் அப்பவே சொல்லல?

சாலம்மாள்: நீ கேக்கல. நானும் சொல்லல.

செல்வி: எனக்கு மறுபடியும் அழுகை வருது. நான் லைட்டை நிறுத்திட்டு மாலையைக் கழட்டறேன்.

சாலம்மாள்: கழட்டு கண்ணு. பொட்டு?

செல்வி: கண்ணாடி மேலதாம்மா வச்சது. தொடைச்சா போயிடும். பிரேமையும் மாத்திடறேன்.

பஞ்சநாதன்: சரி. ஆளு உயிரோட இருக்கறதைப் பாத்துட்ட இல்ல? நான் கெளம்பறேன். காலையில பஸ்ஸுக்குப் போவணும்.

சாலம்மாள்: இரு. எங்க போற? மாலை போட்ட ஆளு அப்படியே இன்னொரு ஊருக்குப் போவக் கூடாது. தோஷம்.

பஞ்சநாதன்: யாரு சொன்னது?

சாலம்மாள்: நான் சொல்றேன். தலைக்கு எண்ணெய் வச்சு முழுகணும். ஆரத்தி சுத்தணும். அப்பதான் கழியும்.

பஞ்சநாதன்: எங்கக்கா சுத்தும்.

சாலம்மாள்: உங்கக்கா சுத்தினா உங்கக்கா வீட்டு தோஷம்தான் போவும். எந்த வீட்டுச் செவுத்துல மாட்டறதுக்கு மாலை போட்டாங்களோ, அந்த வீட்டு வாசல்ல நிக்க வச்சுதான் சுத்தணும்.

செல்வி: ஏம்மா, உங்க ஆளுங்கள்ல ஆரத்தி எடுத்தா, பொறவு வலது காலை வச்சு உள்ள போவணும் இல்ல?

சாலம்மாள்: போவணும். வாசல்லயே நிக்க வச்சு அனுப்பினா இன்னும் தோஷம். அது வழக்கம். நானா ஒண்ணும் யாரையும் கூப்புடல.

பஞ்சநாதன்: நானாவும் ஒண்ணும் வரல. தோஷத்துக்குதான்.

செல்வி: நான் எதையும் கேக்கலப்பா. எனக்கு எதுக்கு? ஆளே வீட்டுக்கு வர்றாரு, அப்புறம் இந்தப் படம் எதுக்கும்மா? இங்கயே வச்சுடவா?

சாலம்மாள்: குடு குடு. மறுபடியும் எவனாவது பத்திரிகையில பேரை விட்டான்னா?

பஞ்சநாதன்: விட்டா விடட்டும். நானே எழுதிக்கறேன்.

சாலம்மாள்: பாத்தியா கண்ணு, எப்படி எறங்கி வந்துட்டாரு? பாவம், நான் உள்ள இருக்கறது தெரியாம மனசுல இருக்கறதை எல்லாம் உங்கிட்டக் கொட்டிட்டாரு. தெரிஞ்சிருந்தா ஒரு வார்த்தை வந்திருக்குமா இந்த மனுசன் வாயில இருந்து?

செல்வி: எங்க வரப்போவுது? பாதியிலயே கெளம்பிப் போயிருப்பாரு.

பஞ்சநாதன்: தெரியாமயா? அசோகன் ஓடினானே, அன்னையில இருந்து எதிர்க்க இருக்கற டீக்கடை பெஞ்சுலதான் கெடக்கறேன். யாருக்கும் சொல்லாதடான்னு அவன் வாயையும் கட்டி வச்சேன். உன் வாசப்படிதானே மிதிக்க மாட்டேன்னு சொன்னேன், கடை வாசப்படிக்கு அந்தப் பேச்சு கெடையாதே. எப்படியும் ஒரு நாளு படத்தை வாங்க வருவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். இன்னைக்கு வந்த. நிமுந்து பாத்துட்டு அப்படியே செவுத்தைப் புடிச்ச. எனக்கு உயிரே போயிடுச்சுடி. எழுந்து ஓடி வர்றேன், ரோட்டுல உப்பு லாரி வரிசையா வருது, தாண்ட முடியல. அதுக்குள்ள இந்தப் பொண்ணு உன்னை உள்ள கூட்டிக்கிட்டுப் போறதைப் பாத்தேன். டீ டம்ளரு இன்னும் என் கையிலதான் இருக்குது பாரு. இந்தப் பொண்ணுகிட்டச் சொன்னேனே... அதுல ஒரு வார்த்தை கூட இந்தப் பொண்ணுக்குச் சொன்னது இல்ல.